கோட்டுக் கம்பெனிச் சுவரில் ஒரு வாத்து

வின்னிபெக்கில் சொந்தத் தொழில் செய்யும் ஓவியர்களைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஊரே வேலையில் மூழ்கியிருக்கும்போது, ஷெர்புரூக் தெருக் காபிக்கடையில் நாலு மேஜைகளை ஒன்றாக இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, மூச்சுவிடக்கூட நேரமில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு மூத்தவன் லோர்ன் பெட்காவ். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருஷமாக யாரிடமும் கைகட்டி நின்றதில்லை என்பது அவன் பெருமை.

"எனக்கு நான்தான் முதலாளி" என்பான். புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் முதல் கால் மணி நேரத்துக்குள் இதைச் சொல்லிவிடுவான். அந்த முதலாளியின் லட்சணத்தை நான் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. காய்ச்சல் வந்தால் லீவு கிடையாது. லோர்னின் அப்பா செத்துப்போன வாரத்தில்கூட, ஒரு பல் ஆஸ்பத்திரிக்காகச் சிரிக்கிற கடைவாய்ப்பல் ஒன்றை உட்கார்ந்து வரைய வைத்தவர் அந்த முதலாளிதான். ஊரில் வேறு எந்த முதலாளி இப்படி நடத்தியிருந்தாலும் வாசலில் கொடி பிடித்திருப்பார்கள்.

விதைப் பொட்டலத்தில் முள்ளங்கி, பன்றித் தீவன மூட்டையில் பன்றி, சவ அடக்கக் கம்பெனியின் காலண்டரில் மாதத்துக்கொரு சூரிய அஸ்தமனம். இவைதான் லோர்னின் இருபத்தாறு வருஷச் சாதனை. வின்னிபெக்கில் பாதி வீடுகளில் அவன் கைவேலை ஏதோ ஒரு அலமாரியில் கிடக்கும். எந்த வீட்டிலும் அவன் பெயர் கிடையாது. முள்ளங்கிக்குக் கீழே யார் பெயரை அச்சடிப்பார்கள்? வெளியே எவ்வளவு அலட்டிக்கொண்டாலும் உள்ளுக்குள் அவனுக்கு ஒரே ஒரு ஏக்கம் இருந்தது. ஒரு சுவர் வேண்டும். ஊர் நடமாடுகிற தெருவில், நாலு மாடி உயரத்தில், வலது மூலையில் 'எல். பெட்காவ்' என்று இருக்க வேண்டும். அதற்காக அவன் எதையும் செய்திருப்பான். அப்படிச் செய்வோம் என்பது மட்டும்தான் அவனுக்கே தெரியாது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. 'எலும்பு போடுவது' என்பார்கள். படம் கேட்டு வருகிறவர் எவரும், படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சும்மா வாங்கிக்கொண்டு போக மாட்டார். எதையாவது மாற்றச் சொன்னால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். கழுத்தை மாற்று, வானத்தை மாற்று என்று ஆரம்பித்தால் படம் நாசமாகிவிடும். அதனால் அவர் கண்ணில் உடனே படுகிற மாதிரி, எடுத்துவிட்டால் படத்துக்கு எந்தச் சேதமும் வராத மாதிரி, அபத்தமாக ஏதாவது ஒன்றை ஓவியரே சேர்த்துவைப்பார். வந்தவர் அதைக் கவ்விக்கொண்டு சந்தோஷமாகப் போய்விடுவார். லோர்ன் இதில் மன்னன். தீவனக் கம்பெனிப் பன்றிக்குக் கைக்கடிகாரம் கட்டிவிட்டான். கம்பெனி மேலாளர் படத்தை நாலு நிமிஷம் உற்றுப்பார்த்துவிட்டு, புதையல் எடுத்தவர் போல, "அந்தக் கடிகாரம் மட்டும் வேண்டாம்" என்றாராம். கடைவாய்ப்பல்லுக்கு அக்குளில் முடி. முள்ளங்கிக்கு வாயில் சுருட்டு. எல்லாம் அப்படியே பலித்தன.

ஓரிசியா என்று ஒருத்தி இருந்தாள். எட்டு வருஷம் லோர்னோடு அதே காபிக்கடையில் குப்பை கொட்டியவள். ஒரு நாள் திடீரென்று பெயர்ப்பலகை எழுதும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து லோர்னுக்கு அவளைக் கண்டால் இளக்காரம்.

"என்ன ஓரிசியா, இன்னைக்கு எந்த டயர் கடைக்கு எழுத்து எழுதின?" என்பான்.

"டயர் கடைதான். நாலரை மணிக்கு வீட்டுக்குப் போயிட்டேன். நீ?"

"நாங்கல்லாம் சுதந்திரமா இருக்கிறவங்க. சம்பளத்துக்குத் தலையாட்டுறது நமக்கு ஒத்துவராது."

"என் பல்லைப் பாரு லோர்ன்" என்று வாயைத் திறந்து காட்டுவாள். "கம்பெனி செலவுல கட்டினது. இப்ப உன் பல்லைக் காட்டு. பல் ஆஸ்பத்திரிக்குப் படம் போட்டவன்தானே, காட்டு பாப்போம்."

லோர்ன் வாயை மூடிக்கொள்வான்.

போன வருஷம் அவன் ஏங்கிக் கிடந்த சுவர் வந்தது. மெக்டெர்மட் தெருவில் பழைய கோட்டுக் கம்பெனி ஒன்று இருக்கிறது. இந்த ஊர்க் குளிருக்குப் போடுகிற, வாத்து இறகு அடைத்த பார்க்கா கோட்டுகளை அங்கே தைத்தார்கள். இப்போது அதை அடுக்குமாடி வீடுகளாக்கி, செங்கல்லைச் சுரண்டிப் பளபளப்பாக்கி விற்றுவிட்டார்கள். குடிவந்தவர்கள் ஏழு பேர் சேர்ந்து சுவர்க் கமிட்டி என்று ஒன்றை வைத்துக்கொண்டு, கிழக்குச் சுவரில் படம் வரைய ஆள் தேடினார்கள். லோர்னின் அம்மா ஜஸ்டினா அந்தக் கம்பெனியில்தான் பத்தொன்பது வருஷம் கோட்டுக்குக் கை வைத்துத் தைத்தாள். நேர்காணலில் அவன் இதைச் சொன்னதும் கமிட்டித் தலைவி டார்லீன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, இது எவ்வளவு அழகான கதை!" என்றாள். வீடு விற்கிற தரகு வேலை பார்ப்பவள். கதை இருந்தால் எதையும் விற்றுவிடலாம் என்று அவளுக்குத் தெரியும்.

அங்கேயே ஒப்பந்தத்தை நீட்டினார்கள். ஆறு பக்கம். லோர்ன் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டான். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை. படித்தால் போட மனசு வராது.

இரண்டு மாதம் மற்ற வேலைகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, சுவருக்கான மாதிரிப் படத்தைக் காகிதத்தில் வரைந்தான். நீளமான தையல் மேஜை, பதினாலு பெண்கள், எல்லோரும் தலையைக் குனிந்து இயந்திரத்தின் மேல் கவிழ்ந்திருக்கிறார்கள். இடமிருந்து நான்காவது ஜஸ்டினா. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு நாள். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு பெருமூச்சு. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

"அம்மா, சுவர்ல உன் முகம் எட்டடி உயரம்மா."

"எட்டடியா? எதுக்குடா? மூக்கே ஒரு அடிக்கு மேல வருமே."

கமிட்டிக்குக் காட்டுவதற்கு முந்தின வாரம் ஓரிசியா வந்து படத்தைப் பார்த்தாள். நாலு ஓரத்திலும் எதையோ தேடினாள்.

"எலும்பு எங்க?" என்றாள்.

"இன்னும் போடல."

"இதுக்குமா போடப் போற? உனக்குன்னு வரையிற படம்னு சொன்னியே?"

"கமிட்டி ஏழு பேரு ஓரிசியா. ஏழு பேரும் ஆளுக்கொரு பொண்ணை அழிக்கச் சொன்னா மிச்சம் பாதிதான் நிக்கும். ஒண்ணு போட்டே ஆகணும்."

"அப்படின்னா முதலாளி யாரு, நீயா அவங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

கூட்டத்தன்று காலையில், காபி ஆறுவதற்குள், லோர்ன் எலும்பைப் போட்டான். படத்தின் வலது ஓரத்தில் ஒரு கதவு. அந்தக் கதவு வழியாக ஒரு பெரிய காட்டு வாத்து உள்ளே வருகிறது. கழுத்து முதலில் வந்துவிட்டது, உடம்பு இன்னும் வெளியே இருக்கிறது. கண்ணில் கொலைவெறி. தன் இறகுகளைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறது. இந்த ஊர் வாகன நிறுத்தங்களில் நம்மைத் துரத்திக் கடிக்கிற அதே வாத்து. பத்து நிமிஷ வேலை. தனக்குத்தானே சிரித்துக்கொண்டே போட்டான்.

கூட்டம் அந்தக் கட்டடத்தின் விருந்து அறையில் நடந்தது. வெட்டிய கேரட்டும், தொட்டுக்கொள்ளத் தேன் கலந்த சோயிக்கீரைத் தொக்கும் வைத்திருந்தார்கள். லோர்ன் படத்தைச் சுவரில் மாட்டினான். எல்லோரும் பார்த்தார்கள். முதலில் ஒரு ஆள் குபீரென்று சிரித்தார். பிறகு இன்னொருத்தி. பிறகு ஏழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அந்த வாத்து!" என்றாள் டார்லீன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "லோர்ன், அந்த வாத்து! அது எனக்கு வேணும்."

லோர்னுக்கு ஒன்றும் புரியவில்லை. "வாத்தை... எடுத்துரலாம்னு இருந்தேன்" என்றான்.

"எடுக்கறதா? விளையாடாதீங்க. இது நம்ம ஊரு. இது நாமதான்." கேரட் ஒன்றைக் கடித்தாள். "அந்தப் பொம்பளைங்க... ரொம்ப மரியாதையான சிந்தனை. நிஜமாவே. ஆனா காலையில வேலைக்குக் கிளம்புறப்ப, பதினாலு பேரு களைச்சுப்போய் உக்காந்து நம்மளையே பாக்குற மாதிரி இருக்குமில்ல?"

"அவங்க யாரையும் பாக்கல. தலையைக் குனிஞ்சிட்டுதான் இருக்காங்க."

"அதான் இன்னும் ஒரு மாதிரி இருக்கு."

"வாத்தை நாலு மாடிக்கும் இழுக்க முடியுமா?" என்று கேட்டார் முதலில் சிரித்த ஆள். "கழுத்து மூணாவது மாடி ஜன்னல்கிட்ட வந்தா நல்லாருக்கும். என் ஜன்னல்."

எலும்பு போடுவதில் மன்னனான லோர்ன் என்னவென்று சொல்வான்? உங்களை ஏமாற்றுவதற்காகத்தான் வாத்தை வரைந்தேன், நீங்கள் முட்டாள்கள் என்று கணக்குப் போட்டேன், கணக்குத் தப்பிவிட்டது என்றா? யோசித்துச் சொல்கிறேன் என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காபிக்கடையில் ஒரு காட்சி அரங்கேறியது. லோர்ன் எழுந்து நின்று, கமிட்டிக்கு எழுதிய கடிதத்தைப் படித்தான். "என் தாயின் வியர்வையை ஒரு பறவைக்காக விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் யாருக்கும் வேலைக்காரன் அல்ல. அந்த வாத்தின் அருகில் எந்தக் காலத்திலும், எந்த வடிவத்திலும், என் பெயர் இடம்பெறக் கூடாது என்று எழுத்து மூலம் கேட்டுக்கொள்கிறேன்." படித்து முடித்ததும் கைதட்டல். இரண்டு பேர் அழுதார்கள். யாரோ அவனுக்கு இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கிக் கொடுத்தார்கள். கடிதத்தை எல்லோர் முன்னாலும் போனில் தட்டிக் கமிட்டிக்கு அனுப்பினான். அழுத இருவரில் ஒருத்தர் அன்று சாயங்காலமே தன்னுடைய படங்களைக் கமிட்டிக்கு அனுப்பிவைத்த விஷயம் எனக்குப் பிறகுதான் தெரியும். சுதந்திரமானவர்களின் ஒற்றுமை அந்த லட்சணத்தில் இருந்தது.

தியாகம் செய்தவனுக்கு அதை யாராவது பார்த்து நெகிழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் படத்தை எடுத்துக்கொண்டு வடக்கு கில்டோனனில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போனான். ஜஸ்டினாவுக்கு எண்பத்தொரு வயது. ஜன்னலோரம் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைப் பல்லால் உடைத்து, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தாள். கட்டிலின் மேல் படத்தை விரித்தான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"இது யாரோட சாவு?" என்றாள்.

"சாவா? அம்மா, இது உங்க கம்பெனி. நீங்கல்லாம் தைக்கிறீங்க."

"இப்படியா? தலையை இவ்வளவு குனிஞ்சா முடி மெஷின் பெல்ட்டுல மாட்டிக்கும்டா. ஒரு போர்த்துகீசியக்காரிக்கு மாட்டி, கொத்தோட போச்சு. நாங்க நிமிர்ந்து உக்காந்துதான் தைப்போம். இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் கத்திப் பேசிட்டே இருப்போம். அந்த இரைச்சல்ல எவ புருஷன் எப்படின்னு எல்லாருக்கும் தெரியும்." விரலை ஒரு உருவத்தின் மேல் வைத்தாள். "இது யாரு?"

"நீதாம்மா."

அவள் தன் உருவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபப்படவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கல்யாணப் போட்டோவைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"பாவமா இருக்கா" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே லோர்ன். ரெண்டு மாசம் வரைஞ்சேங்கிற. போன்தான் இருக்கே."

பிறகு அவள் கண் படத்தின் வலது ஓரத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. தோள் குலுங்க ஆரம்பித்தது. வாயிலிருந்த விதை தெறித்து விழுந்தது.

"இது பென்னர்! எங்க மேஸ்திரி பென்னர்! அப்படியே இருக்குடா! கழுத்துதான் முதல்ல உள்ள வரும். உடம்பு வர்றதுக்குள்ள நாங்க எல்லாம் வாயை மூடிக்குவோம். உனக்கு எப்படிடா தெரியும் அவனை?"

"தெரியாதும்மா. சும்மா போட்டேன்."

"சும்மா போட்டதுதான் உசிரோட இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். எதிர் அறைக் கிழவியைக் கூப்பிட்டு வாத்தைக் காட்டினாள். அந்தக் கிழவியும் சிரித்தாள். பதினாலு பெண்களை இருவரும் திரும்பிப் பார்க்கவே இல்லை.

லோர்ன் காருக்கு வந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சாவி போடாமல் உட்கார்ந்திருந்தான். அவன் மடையன்தான், ஆனால் கண் இல்லாதவன் அல்ல. கமிட்டி என்ன சொல்லும், காபிக்கடை என்ன சொல்லும் என்று பயந்து பயந்து ஒவ்வொரு விரலாக வரைந்த பெண்கள் கட்டைகளாக நின்றார்கள். யார் கண்ணுக்கும் மிஞ்சாது என்று நினைத்துக் கிறுக்கிய வாத்து எழுந்து நடந்தது. அந்தக் கடிகாரமும் சுருட்டும் அக்குள் முடியும்கூட அப்படித்தான். இருபத்தாறு வருஷத்தில் அவன் கை தன் இஷ்டப்படி ஓடியது, தூக்கி எறிவதற்கென்று வரைந்தவற்றில் மட்டும்தான். அவற்றையெல்லாம் வேலை மெனக்கெட்டு அழிக்க வைத்தவனும் அவனே. எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது அந்த ஒரு நாள்தான். வெட்கத்தை விட்டுவிட்டு அங்கிருந்தே டார்லீனுக்குப் போன் போட்டான்.

"வாத்தை வரைஞ்சு தர்றேங்க" என்றான். "நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்."

"அடடா, லோர்ன்!" குரலில் தேன் ஒழுகியது. "உங்க கடிதம் எங்க எல்லாரையும் ரொம்ப யோசிக்க வெச்சது. உங்க உணர்வை நாங்க மதிக்கிறோம். அதனாலதான் உங்களைத் தொந்தரவு பண்ணாம வேற ஏற்பாடு பண்ணிட்டோம். ஒப்பந்தத்துல நாலாம் பக்கத்துல இருக்கே, எங்ககிட்ட காட்டின மாதிரிப் படம் கமிட்டிக்குச் சொந்தம்னு. அன்னைக்கு நாங்க எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டோம். பெயர்ப்பலகைக் கம்பெனி ஒண்ணு ஆகஸ்ட்ல எழுதித் தருது."

ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் லோர்ன் மெக்டெர்மட் தெருவுக்குப் போனான். போகக் கூடாது என்று மூன்று நாள் தன்னைப் பிடித்து வைத்திருந்துவிட்டுத்தான் போனான். நாலு மாடி உயரச் சுவரில் வாத்து பாதி எழும்பியிருந்தது. கயிற்றில் தொங்கும் மேடையில் ஓரிசியா, ஆரஞ்சு அங்கியும் தலைக்கவசமுமாக. கழுத்து வளைவில் மூன்று முறை அழித்துப் போட்ட தடம் தெரிந்தது.

"எவ்வளவு நேரமா ஒளிஞ்சு ஒளிஞ்சு பாக்குற?" என்று மேலேயிருந்து கத்தினாள். "கழுத்து வரமாட்டேங்குது. அன்னைக்கு எப்படிப் போட்ட?"

"தெரியல. பத்து நிமிஷத்துல போட்டேன்."

"அப்ப ஏறி வந்து பத்து நிமிஷத்துல போட்டுக் குடு. கம்பெனியில தற்காலிக ஆளு எடுத்துக்கச் சொல்லியிருக்காங்க. ஆனா ஒண்ணு. நான்தான் இங்க மேஸ்திரி. சொன்ன இடத்துலதான் நிக்கணும். முதல்ல கவசத்தைப் போடு."

லோர்ன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். காபிக்கடைக்காரர்கள் யாரும் கண்ணில் படவில்லை. தலைக்கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டு ஏறினான். நீளக் கம்பில் கட்டிய தூரிகையை வாங்கி, ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டு, கழுத்தை ஒரே இழுப்பில் இழுத்தான். வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. கண், அலகு, கழுத்தின் வெள்ளைப் பட்டை என்று மூன்று மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் போட்டான். பத்து மணிக் காபிக்கு இறங்கச் சொன்ன ஓரிசியா, அவன் இறங்காததைப் பார்த்துவிட்டுத் தனியாகவே குடித்துவிட்டு வந்தாள்.

மத்தியானத்துக்குள் வலது மூலை வரை வந்துவிட்டார்கள். அங்கே ஒரு முழம் அகலத்துக்கு வெற்றுச் செங்கல் இருந்தது. லோர்ன் அதைப் பார்த்துக்கொண்டே தூரிகையைத் துடைத்தான்.

"ஓரிசியா... இந்த ஓரத்துல, சின்னதா. கீழேயிருந்து பாத்தா தெரியக்கூடத் தெரியாது."

அவள் அங்கிப் பையிலிருந்து வேலைத் தாளை எடுத்து விரித்துக் காட்டினாள். கடைசி வரியின் கீழ் சிவப்புக் கோடு இழுத்திருந்தது. 'ஓவியர் பெயர் எங்கும் எழுதக் கூடாது. ஓவியரே எழுத்து மூலம் கேட்டுக்கொண்டது.'

"மூணாவது மாடி ஜன்னல்ல அந்தக் கமிட்டி ஆளு காலையிலேர்ந்து நின்னு பாத்துட்டு இருக்கான்" என்றாள். "எனக்கு வேலை போயிரும் லோர்ன். மன்னிச்சுக்கோ."

அவன் தலையாட்டினான்.

சாயங்காலம் மேடையைக் கீழே இறக்கியபோது நடைபாதையில் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். குழந்தையும் வாத்தைக் காட்டிக் கத்தியது.

"ரொம்ப நல்லாருக்கு!" என்றாள் அந்தப் பெண். "யாரு வரைஞ்சது?"

ஓரிசியா கயிற்றைச் சுற்றிக்கொண்டே லோர்னைப் பார்த்தாள். லோர்ன் மேலே வாத்தைப் பார்த்தான், மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்தான், கடைசியில் அந்தப் பெண்ணைப் பார்த்தான்.

"கம்பெனிங்க" என்றான்.